மசேகோ எங்கே உட்காருவாள்?

மஸ்விங்கோ
மார்ச் 4

அன்பு மகள் ருவரஷேவுக்கு,

நீ நலமென்றால் நானும் நலம். ரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது. கோழிகளில் இரண்டைப் பருந்து கொண்டுபோய்விட்டது. வேறு குறையில்லை.

உன் கடிதத்தைப் பஸ் கண்டக்டர் எல்லை தாண்டிக் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு பக்கம். முக்கியமானதைத் தொலைபேசியில் உளறக்கூடாது, உட்கார்ந்து கையால் எழுத வேண்டும் என்று உன்னைப் பழக்கியவள் நான்தான். இரண்டாம் பக்கத்தின் பாதிவரை படித்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. மீதியை இன்னும் படிக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒரு பெண் தன் மனத்தில் யார் இருக்கிறார்கள் என்பதை அத்தையிடம்தான் சொல்வாள். அத்தை அதைப் பதமாக எடுத்துக்கொண்டு தாயிடம் வருவாள். பெற்றவளின் முகத்துக்கு நேரே எந்த மகளும் சொல்வதில்லை. உன் அப்பாவின் தங்கை எஸ்நாத் உயிரோடுதான் இருக்கிறாள். முழங்கால் வலிதான், காது நன்றாகக் கேட்கிறது. இந்த முறைகூட உனக்கு மறந்துபோனதா, அல்லது ஜோஹன்னஸ்பர்க்கில் யாராவது மறக்கச் சொன்னார்களா?

வாரந்தோறும் ஒரு மனநல ஆலோசகரிடம் போவதாக எழுதியிருக்கிறாய். நான் ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆகவே நேராகக் கேட்கிறேன். என்ன நோய்? யார் பரிசோதித்தது? என்ன மருந்து? எப்போது குணமாகும்?

அப்பாவின் கல்லறைக் கல்லுக்குச் சொல்லியாயிற்று. செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை திறப்பு. அதற்குமேல் தள்ளினால் அக்டோபர் வெயில், பிறகு நவம்பர். நவம்பர் நம் முன்னோர் விலக்கிவைத்த மாதம், எந்தச் சடங்கும் செய்வதில்லை. கல்லின்மேல் போர்த்தியிருக்கும் துணியை இழுக்க வேண்டியவள் நீ. அவருக்கு வேறு பிள்ளை இல்லை.

கம்பளிச் சட்டையை இப்போதே வெயிலில் போட்டு எடுத்து வை.

உன் தாய்,
ஸ்கொலாஸ்டிகா முதாந்த்வா


ஜோஹன்னஸ்பர்க்
மார்ச் 26

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நலமென்றால் நானும் நலம் என்று எழுதுவது நம் வழக்கம். இந்த முறை அப்படி எழுத முடியவில்லை. நீங்கள் நலமாக இருப்பது மகிழ்ச்சி. நான் அவ்வளவு நலமில்லை.

மீதிப் பக்கங்களை நீங்கள் படிக்கவில்லை என்றால் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு முப்பத்தாறு வயது. நான் பெண்ணை நேசிக்கும் பெண். மசேகோவும் நானும் ஐந்து வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். நீங்கள் நினைப்பதுபோல் அவள் வாடகையைப் பங்குபோடும் தோழி இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள்.

இதை அத்தையிடம் சொல்லி அனுப்பாதது தவறுதான். அதைப் பற்றி ஆலோசகர் ஸோத்வா மபாசோவிடம் சொன்னபோது, "இந்த வழக்கம் எனக்குத் தெரியாது. நீங்க நேரா எழுதப் போறீங்கன்னு சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்" என்றார். ஆனால் அம்மா, அத்தையிடம் சொல்லியிருந்தால் நீங்கள் கேள்விப்படாததுபோல் இருந்துவிட வசதியாக இருந்திருக்கும்.

நீங்கள் கேட்ட நான்கு கேள்விகளில் கடைசியை நானும் முதல் நாளே அவரிடம் கேட்டேன்.

"எத்தனை வாரத்துல சரியாகும்?"

"எது சரியாகணும்?"

"நான்."

"நீங்க பழுதாயிருக்கீங்கன்னு யார் சொன்னது?"

மீதி நேரம் முழுக்க அழுதேன். அவர் காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைத்து, "தாராளமா எடுத்துக்கங்க, இது கட்டணத்துலயே சேர்த்தி" என்றார்.

மருந்து இல்லை. என்னை மாற்றுவதற்காக அங்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் அழைப்பு வரும் நேரம் நெருங்கினால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுச் சமையலறைக்கும் வாசலுக்கும் நடக்கிறேன்; இரவு தூக்கமில்லை. அதற்காகப் போகிறேன். நீங்கள் அழைக்கும்போது தன் குரல் உங்களுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று மசேகோ தட்டை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்விடுவாள். போன வருடக் கடைசியில் ஒருநாள் தட்டோடு கதவருகே நின்று, "இன்னும் எவ்வளவு நாளைக்கு நான் உங்கம்மாவுக்கு இல்லாம இருக்கணும்?" என்று கேட்டாள். அதற்கடுத்த வாரம்தான் ஸோத்வா அம்மையாரிடம் நேரம் வாங்கினேன்.

அப்பாவின் கல் திறப்புக்கு வர விரும்புகிறேன். மசேகோவும் வருவாள். ஒரே வேண்டுகோள்: யாரும் என் தலையில் கை வைத்து ஜெபிக்கக் கூடாது.

உங்கள் மகள்,
ருவா


மஸ்விங்கோ
ஏப்ரல் 15

அன்பு மகள் ருவரஷேவுக்கு,

நான் நலம். நீ நலமாக வேண்டும்.

இந்த முறை சோளம் நன்றாக விளைந்திருக்கிறது. கொட்டிலின் கூரைத் தகரம் ஒன்று காற்றில் பறந்து பக்கத்துவீட்டுக் கொய்யா மரத்தில் மாட்டிக்கொண்டது. அந்த வீட்டுப் பெண் அதைத் திருப்பிக் கொடுக்கையில் தன் மரத்துக்குத்தான் அதிக சேதம் என்று அரைமணி நேரம் பேசினாள்.

கல்லில் அப்பாவின் பெயருக்குக் கீழே நம் சிங்கக் குலத்தின் பெயர் வரவேண்டும் என்கிறாள் எஸ்நாத். திருவிவிலிய வசனம் வரவேண்டும் என்கிறேன் நான். இரண்டுக்கும் இடமில்லை என்கிறான் கல் கொத்துகிறவன்.

ஈஸ்டருக்கு விவசாய அலுவலகத்தில் இருக்கும் திரு. மபிகா வந்திருந்தார். மனைவியை இழந்தவர். உன்னை விசாரித்தார். அவர் போன பிறகு எஸ்நாத், "ஆளு பரவால்ல. குடிக்கிறதில்ல, பல்லு எல்லாம் அவரோடதுதான்" என்றாள். உனக்குத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பருக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று இன்னும் கணக்கிடவில்லை.

உன் தாய்,
ஸ்கொலாஸ்டிகா முதாந்த்வா

பி.கு. இரவில் வெதுவெதுப்பான பால் குடிக்கிறாயா? டீ கூடாது.


ஜோஹன்னஸ்பர்க்
மே 6

அன்புள்ள அம்மாவுக்கு,

பால் குடிக்கிறேன். நன்றி.

போன வாரம் எஸ்நாத் அத்தை தொலைபேசியில் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அடியே ருவா, உங்கம்மா ஜெபிச்சுப் பேயோட்டற வெள்ளை அங்கிக்காரங்கிட்ட போயிட்டு வந்தா, தெரியுமா? கன்னியர் மடத்துல படிச்ச மேட்ரனம்மா! கோயிலுக்குப் போற தொப்பியோட, ஷூவக் கழட்டி வெச்சுட்டு, வெறுங்காலோட பாறைமேல உக்காந்திருந்தா!"

"எதுக்கு அத்தை?"

"எனக்கென்ன தெரியும்? அந்த ஆளு ஜெபிச்சுக் குடுத்த, கூழாங்கல்லு போட்ட தண்ணி ரெண்டு பாட்டில் ஃபிரிட்ஜ்ல நிக்குது. பால் எடுக்கப் போனா அதுதான் கையில வருது. திறப்புக்கு முந்தின நாள் அந்த ஆளு கூட்டத்தோட வராராம், உன்னைக் குளிப்பாட்டி எதையோ இறக்கிவிட. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

"சொல்லத்தான் போறேன் அத்தை."

"சொல்லு போ. இந்த வயசுக்கு மேல என்னை என்ன பண்ணுவா."

அம்மா, அந்த அங்கிக்காரர்களிடம் போய்விட்டுக் காலம் கடந்து ஆஸ்பத்திரிக்கு வந்த நோயாளிகளை நீங்கள் எப்படித் திட்டுவீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. அவர்களிடமே நீங்கள் போயிருக்கிறீர்கள் என்றால் எவ்வளவு பயந்திருக்க வேண்டும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பயத்தை என் தலையில் ஊற்ற நான் விடமாட்டேன்.

இதை வியாழக்கிழமை ஸோத்வா அம்மையாரிடம் சொன்னேன். நீங்கள் நினைக்கக்கூடும், அவர்தான் தூண்டிவிடுகிறார் என்று. அவர் கேட்டது ஒன்றுதான்: "அம்மா ஆமான்னு சொன்னா என்ன செய்வீங்க? இல்லைன்னு சொன்னா என்ன செய்வீங்க? பதிலே சொல்லலைன்னா?" மூன்றாவதற்குத்தான் எனக்கு விடை தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

நான் வரும்போது என்மேல் ஜெபிக்க யாரையாவது வரச்சொல்லியிருக்கிறீர்களா? ஆம் அல்லது இல்லை. பதில் வரும்வரை நான் எழுதமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அழைப்பையும் எடுக்கமாட்டேன். இது தண்டனை இல்லை அம்மா. எனக்கு மூச்சுவிட இடம் வேண்டும்.

ருவா


மஸ்விங்கோ
மே 22

ருவரஷேவுக்கு,

நலம்தானே.

இந்த வீட்டில் பெற்றவளை ஆமா இல்லையா என்று கூண்டில் நிறுத்திக் கேட்கும் பழக்கம் இருந்ததில்லை. உன் அப்பாகூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

எஸ்நாத் ஃபிரிட்ஜில் பார்த்ததைப் பற்றி எஸ்நாத்திடமே கேட்டுக்கொள். என் ஃபிரிட்ஜை யாரும் திறக்காமல் இருக்க ஏற்பாடு செய்திருக்கிறேன்.

குளிர் தொடங்கிவிட்டது. கல்லுக்குக் கறுப்பு நிறம் போதும் என்று முடிவாயிற்று. வசனமும் வரும், குலப்பெயரும் வரும். எழுத்து சிறியதாக இருக்கும்.

ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

உன் தாய்


மஸ்விங்கோ
ஜூன் 19

மகளே,

நீ நலமா? அதற்கு மட்டுமாவது பதில் போடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துப் பார்க்கிறேன். மணி முழுவதும் அடித்து ஓய்கிறது. பஸ் வரும் நேரத்தில் நிலையத்தில் போய் நிற்கிறேன். கண்டக்டர் படியிலிருந்து இறங்குவதற்கு முன்பே தலையை ஆட்டிவிடுகிறார். போன வாரம், "அம்மா, இந்தக் குளிர்ல எதுக்கு நிக்கறீங்க, வந்தா நானே வீட்டுல கொண்டாந்து குடுக்கமாட்டேனா?" என்றார். நான் ரொட்டி வாங்க வந்ததாகச் சொன்னேன். அங்கே ரொட்டிக் கடை கிடையாது.

உனக்கு விபத்து ஏதும் நடந்திருந்தால் எனக்கு யார் சொல்வார்கள்? உன் வீட்டில் இருப்பவளிடம் என் எண் இருக்கிறதா? இருந்தால் அவள் அழைப்பாளா? நான் எடுப்பேனா என்று அவள் யோசிக்கக் கூடாது. அழைக்கட்டும்.

மூன்று நாளாகத் தூறல் விடவில்லை. துணி காயவில்லை.

ஸ்கொலாஸ்டிகா


மஸ்விங்கோ
ஜூலை 2

மதிப்பிற்குரிய திருமதி ஸோத்வா மபாசோ அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் பெயரையும் மையத்தின் பெயரையும் என் மகள் ருவரஷே முதாந்த்வா எழுதிய கடிதத்தின் நான்காம் பக்கத்தில் பார்த்தேன். முகவரியைப் பக்கத்துவீட்டுப் பெண்ணின் கைபேசியில் தேடினேன். எதற்கென்று கேட்டாள், ஓய்வூதிய விஷயம் என்று பொய் சொன்னேன். எனக்குப் பொய் பழக்கமில்லை. இந்த ஆண்டில் பழகிக்கொண்டிருக்கிறேன்.

நான் மாவட்ட ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்தவள். ஆகவே சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். என் மகள் தங்களிடம் எதற்காகச் சிகிச்சை பெறுகிறாள்? முன்னேற்றம் உண்டா? எப்போது டிஸ்சார்ஜ் செய்வீர்கள்? தாயை வெறுக்கும்படி தாங்கள் அவளுக்குச் சொல்லித் தருகிறீர்களா? இதற்கு ஆம் என்றாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். இதையெல்லாம் சொல்ல முடியாதென்றால், அவள் உயிரோடு நலமாக இருக்கிறாள் என்பதை மட்டுமாவது எழுதவும்.

திரும்ப எழுதுவதற்கு வசதியாக என் முகவரி எழுதிய உறையை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஸ்கொலாஸ்டிகா முதாந்த்வா


ஜோஹன்னஸ்பர்க்
ஜூலை 17

மதிப்பிற்குரிய திருமதி முதாந்த்வா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

ஒருவர் என்னிடம் வருகிறாரா இல்லையா என்பதைக்கூட நான் யாருக்கும் சொல்வதில்லை, பெற்றவர்களுக்கும் இல்லை. நீங்கள் மேட்ரனாக இருந்தவர். வார்டு வாசலில் உறவினர்கள் வந்து நின்று கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொல்லியிருப்பீர்களோ அதுவே என் பதில். நீங்கள் குறிப்பிட்டவர் என்னிடம் வருபவராக இருந்தால், உங்கள் கடிதத்தையும் இந்தப் பதிலையும் அவருக்குக் காட்டுவேன் என்பதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

பொதுவாக என் வேலை என்ன என்று சொல்லலாம். ஆணை நேசிக்கும் ஆணும், பெண்ணை நேசிக்கும் பெண்ணும், பிறந்தபோது சூட்டப்பட்ட பாலோடு பொருந்தாதவர்களும் என்னிடம் வருகிறார்கள். அது நோயல்ல, ஆகவே குணப்படுத்த எதுவுமில்லை, டிஸ்சார்ஜ் செய்யவும் எதுவுமில்லை. அவர்களை மாற்ற நான் முயல்வதில்லை. முயன்றவர்கள் செய்த காயங்களுக்குத்தான் பெரும்பாலும் கட்டுப்போடுகிறேன். வளர்ந்த மனிதர், சொந்தமாகச் சம்பாதிப்பவர், வீட்டிலிருந்து அழைப்பு வந்ததும் பத்து வயதுக் குழந்தையாகிவிடுகிறார். சுமந்து வந்ததில் எது தன்னுடையது, எது மற்றவர்களுடைய வெட்கம் என்று பிரித்துப் பார்க்க உடன் இருக்கிறேன்.

பெற்றோரை விட்டுவிடச் சொல்லித் தருகிறேனா என்று பல பெற்றோர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அம்மா, விட்டுவிட முடிந்தவர்கள் என்னிடம் வருவதில்லை. விட முடியாதவர்கள்தான் வருகிறார்கள்.

நீங்களே பேச விரும்பினால் உங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும் ஒரு நல்ல ஆலோசகரின் பெயரை அனுப்புகிறேன். பக்கத்துவீட்டுப் பெண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை.

மரியாதையுடன்,
ஸோத்வா மபாசோ


மஸ்விங்கோ
ஆகஸ்ட் 5

அன்பு மகள் ருவரஷேவுக்கு,

நான் நலமில்லை. நீ எப்படியென்று தெரியாதபோது நான் நலமென்று எழுதுவது எந்த வகையில் சேர்த்தி?

உன் கேள்விக்குப் பதில்: ஆம். வரச்சொல்லியிருந்தேன்.

உன் ஆலோசகருக்கு எழுதினேன், உனக்குத் தெரிந்திருக்கும். எதையும் சொல்ல மறுத்துவிட்டார். கடிதத்தைக் கிழித்துப்போட எடுத்தேன். ஆனால் வார்டு வாசலில் நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். கத்திய கணவர்களையும் அழுத தாய்மார்களையும் ஒரே மாதிரித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண்மணி தன் வேலையைச் சரியாகச் செய்கிறார். இதற்குமேல் அவரைப் பற்றி நல்லதாக எழுத என்னால் முடியாது.

கடைசியில் பஸ் பிடித்து அந்த அங்கிக்காரரிடம் போனேன். செப்டம்பரில் வரவேண்டாம் என்றேன்.

"அம்மா, இதைப் பாதியில விடக்கூடாது. உங்க பொண்ணுக்குள்ள இருக்கறது வீட்டையே தின்னுடும்" என்றார்.

"என் பொண்ணுக்கு ராத்திரி தூக்கம் வரலைங்க. அவ்வளவுதான் அவளுக்கு."

"தூங்க விடாம பண்றது எதுன்னு நினைக்கறீங்க? அதுதான் பேய்."

"அப்படின்னா அது நான்தான். என்னை விரட்டுங்க, பாக்கலாம்."

அவருடைய ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. பாட்டில்கள் இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டுபோயிருந்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இதனால் எனக்கு எல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்குப் புரியவில்லை. கன்னியர்கள் கற்றுக்கொடுத்ததை இந்த வயதில் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? என் அறையில், என் கதவைச் சாத்திக்கொண்டு, உனக்காக ஜெபிக்கிறேன். அதைத் தடுக்க உன்னாலும் முடியாது, உன் ஆலோசகராலும் முடியாது. ஆனால் உன் தலையில் யாரும் கை வைக்கமாட்டார்கள். அதற்கு நான் பொறுப்பு.

திரு. மபிகாவிடம் உனக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிட்டேன். அவருக்கும் அது நிம்மதியானதுபோல் தெரிந்தது.

உன் தாய்,
ஸ்கொலாஸ்டிகா


ஜோஹன்னஸ்பர்க்
ஆகஸ்ட் 20

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நான் உயிரோடு இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன், இப்போது கொஞ்சம் தூங்குகிறேன்.

உங்கள் "ஆம்" வந்த அன்று அதை மசேகோவிடம் படித்துக்காட்டினேன். பேய் இடத்தில் அவள் அப்படிச் சிரித்தாள். பிறகு, "உங்கம்மாவ எனக்குப் பிடிச்சுப் போச்சு. அதுதான் பயமா இருக்கு" என்றாள்.

எனக்கும் பயம்தான் அம்மா. வருவதா இல்லையா என்று ஸோத்வா அம்மையாரிடம் கேட்டேன். "அம்மா பதில் சொல்லிட்டாங்கன்னு நீங்க போயே ஆகணும்னு இல்ல. போகலைன்னா அப்பாவுக்குத் துரோகமும் இல்ல" என்றார். முடிவை எனக்காக எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்கிறார். சில நாள் அது எரிச்சலாக இருக்கிறது.

முடிவெடுக்க முடியாமல் இருப்பது ஒரு விஷயத்தால். மசேகோ கேட்டாள்:

"நான் அங்க எங்க உக்காரணும்?"

"எங்க வேணும்னாலும்."

"விளையாடாதே. எங்க ஊர்லயும் இதேதான். வெளியாளுக்குக் கூடாரத்துக்குள்ள நாற்காலி போட்டு, தட்டுல சோறு கொண்டாந்து குடுப்பாங்க. வீட்டாளுங்க யாரும் உக்காரமாட்டாங்க, ஆளுக்கொரு வேலை இருக்கும். அஞ்சு வருஷம் படுக்கையறையில தனியா சாப்பிட்டேன். அங்க வந்து கூடாரத்துல தனியா சாப்பிடணுமா?"

நம் வீட்டில் மருமகனுக்கு ஒரு வேலை, மருமகளுக்கு ஒரு வேலை. அவள் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு என்ன செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும்; இங்கே மாதிரி அங்கே சட்டம் எங்கள் பக்கம் இல்லை.

ஆனாலும் அவளை விருந்தாளியாக அழைத்து வரமாட்டேன். அவளுக்கு அங்கே நாற்காலிதான் என்றால் இருவரும் வரவில்லை. துணியை அத்தை இழுக்கட்டும். நான் வேறொரு நாள் தனியாக வந்து அப்பாவின் கல்லைத் தொட்டுவிட்டுப் போகிறேன். இதைக் கோபத்தில் எழுதவில்லை. இந்த வரிகளைப் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

உங்கள் மகள்,
ருவா


மஸ்விங்கோ
செப்டம்பர் 1

மசேகோவுக்கு,

நீ நலமென்றால் நானும் நலம்.

உனக்கு நான் எழுதுவது இதுவே முதல்முறை. உன் குடும்பப் பெயர் எனக்குத் தெரியாது. ஆகவே உறையின்மேல் ருவரஷேயின் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். கண்டக்டர் அதை இரண்டு முறை படித்தார்.

எஸ்நாத்தை வரச்சொல்லிப் பேசினேன். இது அவள் வழியாக வந்திருக்க வேண்டிய விஷயம். வரவேண்டியபடி வரவில்லை, போகும்போதாவது அவள் வழியாகப் போகட்டும் என்று நினைத்தேன். பேச்சு ஒரு காலைப்பொழுது நடந்தது. அவள் பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்.

"வரட்டும், நான் வேணாங்கல. ஆனா கத்தியா, கரண்டியா? மாடு வெட்டறது மாப்பிள்ளை வேலை, களி கிண்டறது மருமக வேலை. இவ கையில எதைக் குடுப்பே?"

"ஆம்புலன்ஸ் ஓட்டறவளுக்கு ரெண்டும் வரும்."

"வரும். ஊரு என்ன சொல்லும்?"

"ஊருக்குச் சாப்பாடு வேணுமா, வேணாமா?"

எஸ்நாத் நீண்ட நேரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்கு ஒண்ணும் தெரியாது, யாராவது கேட்டா நான் செவிடி" என்றாள். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று மஸ்விங்கோ முழுவதுக்கும் தெரியும். ஆனாலும் அது அவளுடைய சம்மதம்.

பயமில்லை என்று எழுதமாட்டேன். கோயில் பெண்கள் குழுவில் இருவர் வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கே ஒரு பேச்சு கிளம்பினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே சாலையில் ருவரஷேயின் கையைப் பிடித்து நடக்காதே. இது என் வெட்கத்துக்காகச் சொல்வதல்ல, கொஞ்சம் அதற்காகவும்தான். நீ யார் என்று கேட்பவர்களை என்னிடம் அனுப்பு. "என் வீட்டுப் பெண்" என்று சொல்வேன். அதற்குமேல் என்னிடம் கேட்கும் துணிச்சல் இந்த ஊரில் யாருக்கும் இருந்ததில்லை. இனி வருமோ என்னவோ.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்துவிடுங்கள். இருவருக்கும் ருவரஷேயின் பழைய அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன். அந்த அறையில் ஒரே கட்டில்தான் இருக்கிறது. வேறு கட்டில் போட இடமில்லை.

முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, தலைத்துணி, நின்று வேலை செய்யத் தோதான தட்டைச் செருப்பு கொண்டு வா. ஏப்ரன் நான் தருவேன். கூடாரத்தில் உனக்கு நாற்காலி கிடையாது. நாற்காலிகளை எண்ணி வாடகைக்குச் சொல்லிவிட்டேன். அந்த எண்ணிக்கையில் நீ இல்லை.

கத்தியும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். கல்லறையிலிருந்து எல்லோரும் திரும்பியதும் பெரியவர்கள் வரிசையாக உட்காருவார்கள். அவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது இந்த வீட்டுக்கு வாழ வந்தவளின் வேலை. அதை நீ செய். மண்டியிட்டு ஊற்ற வேண்டும். உன் ஊரில் எப்படியோ, இங்கே அப்படித்தான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும், சுடக்கூடாது. துண்டு இடது தோளில்.

எஸ்நாத்திடமிருந்து தொடங்கச் சொல்வார்கள், அவள் இறந்தவரின் தங்கை என்பதால். தொடங்காதே. முதலில் என்னிடம் வா. எல்லோரும் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று எழுதத்தான் நினைத்தேன், எழுத வரவில்லை. பார்ப்பார்கள். நான் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நிதானமாக ஊற்று.

ஸ்கொலாஸ்டிகா முதாந்த்வா